மகுடேஸ்வரனின் ஸ்கூட்டர் கணக்கு

மகுடேஸ்வரன் இறந்து பத்தாம் நாள். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரிகளின் சங்க இதழுக்கு, அவரைப் பற்றி மனைவியே ஒரு பக்கம் எழுதித் தரட்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இந்துமதி எழுதிவிட்டாள். இருபது ஆண்டு விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டினார். பிறகு பதினெட்டு ஆண்டு பயணிகள் விமானம். கடைசி வரி அவளுக்கே பிடித்திருந்தது: 'என் தூக்கம் கெடக் கூடாது என்று, விடியற்காலையில் ஸ்கூட்டரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்வார்.'

தேதிகளைச் சரிபார்க்க, பறந்த நேரங்களை அவர் குறித்துவைத்த நோட்டைப் பிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. விமானங்கள் முடிந்த பிறகும் எழுத்து முடியவில்லை. ஸ்கூட்டர் தொடங்கியிருந்தது.

திங்கள். நல்லூர் 23.30. சேவூர் 00.10.

வாராவாரம் அதுவே. நல்லூர் இவர்கள் வீடு.

சேவூரில் அவர் தம்பி அப்புசாமியின் தோட்டம். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து கத்திரிக்காயோடு வீடு திரும்புவார். ஆனால் முந்தின நாள் நடுராத்திரியே போய்விட்டாரா? மாடி அறையில் தனியாகப் படுப்பவர். இவளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் அப்புசாமி காரியத்துக்கு இலை சொல்லிவிட்டு வந்தார். அவரும் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, உங்கண்ணன் தோட்டத்துக்கு எத்தன மணிக்கு வருவாருங்க?"

"செவ்வாக்கெழம வெடியால அஞ்சே முக்காலுக்குங்க."

நோட்டை நீட்டினாள். "பன்னெண்டு பத்துக்கே சேவூருன்னு எழுதியிருக்குது. அஞ்சே முக்கால் வரைக்கும் எங்கீங்க இருந்தாரு?"

அவர் பார்த்தார். தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அய்யோ அண்ணி, இது லண்டன் மணிங்க. பைலட்டுக அதுலதான் எழுதுவாங்க. நம்ம மணிக்கு அஞ்சரை கூட்டோணும்."

"ஸ்கூட்டருக்குமா?"

"பழகிப்போச்சுங்களே. டீக்கடைக்குப் போனாலும் எழுதுவாரு. அங்க திங்க ராத்திரின்னா நமக்குச் செவ்வா வெடியால. எழுவது வயசு ஆளு மேல சந்தேகமுங்களா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. விரலை மடக்கிக் கூட்டினாள். ஐந்து மணி. சரிதான். பாவம், மனுசன்.

கீழே அவள் நடத்தும் பனியன் யூனிட்டில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நோட்டை மூடப் போனவள், இரண்டு பக்கம் பின்னால் திருப்பினாள். காலையில் கவலையில்லாமல் தாண்டிப்போன பக்கம்.

சனி. நல்லூர் 17.30. குண்டடம் 18.30.

மாதம் ஒருமுறை. சனிக்கிழமை மாலையில் அவள் யூனிட்டில் இருப்பாள். காற்று வாங்கப் போயிருப்பார் என்று விட்டிருந்தாள்.

மறுபடி விரலை மடக்கினாள். ராத்திரி பதினொன்று. பன்னிரண்டு.

திரும்பியது 22.30. விடியற்காலை நான்கு.

"குண்டடத்துல யாருங்க தம்பி இருக்காங்க?"

"குண்டடமுங்களா?" அப்புசாமியின் சிரிப்பு நின்றது. "அங்க கரண்டு எடுக்கற காத்தாடி நெறையா நிக்குதுங்களே. அதப் பாக்கப் போயிருப்பாருங்க. ஏரோப்ளேன் ஓட்டுன ஆளு, றெக்கையக் கண்டா நிப்பாரு."

"ராத்திரி பன்னெண்டு மணிக்குங்களா?"

அவர் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். அது எப்போதோ காலி.

இந்துமதி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசி வரியை இன்னொருமுறை படித்தாள். பேனாவைத் திறந்து, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோன அந்த ஒரு வரியை மட்டும் அடித்தாள்.