செவ்வாய்க்கிழமை மயில்

நதியாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணில் பட்ட பறவையை அன்றைக்கே தைத்துவிட வேண்டும். உள்ளங்கை அகலத்துக்குப் பழைய வேட்டித் துணி, ஓர் ஊசி, நாலைந்து நிறத்தில் நூல். ஓடைப்பட்டியில் அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வந்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் தைத்து, மூலையில் தேதியும் போட்டுவிடுவாள். பார்க்காத எதையும் தைக்க மாட்டாள். பறவை எதைத் தின்றுகொண்டிருந்ததோ அதையும் விட மாட்டாள். ஓணானென்றால் ஓணான், பாதிப் பழமென்றால் பாதிப் பழம். போட்டோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகும், துணி பிஸ்கட் டின்னுக்குப் போகும். இப்படி இருநூற்றுப் பதினேழு நாள். வேற சோலி இல்லாதவ என்று ஊர் சொல்லிப் பார்த்தது. சொன்ன ஊரே தினமும் அந்த ஸ்டேட்டஸைத் திறந்தும் பார்த்தது.

இந்த வெள்ளிக்கிழமை காலையில் அந்த டின் அவள் மடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமைத் துணி கையில் இருந்தது.

துணியில் ஒரு மயில் பந்தலின் கல்தூண் ஓரமாகத் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. அலகுக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஐந்து முடிச்சுகள். ஐந்து மக்காச்சோள மணிகள். என்ன அழகான நிறம் என்று ரசித்து, ஊசியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி ஒவ்வொன்றாகப் போட்டிருந்தாள். சோளம் எதற்காக ரோஸ் நிறத்தில் கிடக்கிறது என்று அந்தப் புத்திசாலிக்குக் கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஓடையில் மூன்று மயில்கள் செத்துக் கிடந்தன. வியாழக்கிழமை வனத்துறை ஜீப் வந்து, பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் சின்னக்கருப்பை ஏற்றிக்கொண்டு போனது. இன்று மத்தியானம் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். விடிந்ததும் அவர் மனைவி ராஜாத்தி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு வேலியோரம் கெடந்த வெறுஞ்சாக்குன்னு எடுத்தாந்து படுக்கக் கீழ விரிச்சிருக்காக. அதுல மருந்து கலந்த சோளம் ஒட்டியிருந்துச்சாம்த்தா. ரோஸ் கலர்ல."

அந்த ரோஸ் என்ற சொல்லுக்காகத்தான் நதியா டின்னைத் திறந்து இந்தத் துணியைத் தேடி எடுத்திருந்தாள். அவள் தைத்த மயில் பக்கத்துத் தோட்டத்தில் மேயவில்லை. அவர்களுடைய பந்தலுக்குக் கீழேதான் மேய்ந்தது.

"அதப் பிரிச்சிரு."

நிமிர்ந்து பார்த்தாள். கணவன் பாண்டியராஜன் கதவருகே நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்த அஞ்சு புள்ளியையும் பிரிச்சிரு."

"அப்ப நீங்கதான் வச்சீகளா?"

"பத்து நாள்ல அறுக்கப்போற பழம். குலை குலையாக் கிழிச்சுப் போடுதுக. ஒண்ணு ரெண்டு விழுந்தா மத்ததுக அண்டாதுன்னு வச்சேன். சாக்கத் தூக்கி வேலிக்கு அங்கிட்டு எறிஞ்சேன். அதப் போயி அந்தாளு எடுப்பாருன்னு கண்டேனா?"

"சின்னக்கருப்பு அண்ணன் ஜெயிலுக்குப் போகப்போறாக."

"நல்ல வக்கீலா வச்சு நானே வெளிய எடுக்குறேன். நம்ம யுவராணிக்கு அடுத்த மாசம் பிளஸ் டூ பரிட்சை. அப்பன் உள்ள கெடந்தா பிள்ளை எப்படி எழுதும்? யோசி."

அவளுக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால், "இங்கன வா நதியா, உன் மீன்கொத்தி வந்துருக்கு" என்று மோட்டார் ரூமிலிருந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிடுகிறவனும் இவன்தான். அவன் விலங்கோடு நிற்பதை நினைக்கவே முடியவில்லை. மகள் முகம் வேறு கண்ணுக்குள் வந்து நின்றது. ஸ்டேட்டஸ் ஒரே நாளில் தானாக மறைந்திருந்தது; போனிலிருந்த போட்டோவை அழித்துவிட்டு ஊசியை எடுத்தாள். முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. துணியில் ஐந்து ஊசித்துளைகள் மிஞ்சின. நகத்தால் தேய்த்துப் பார்த்தாள், மூடவில்லை.

அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

முன்சீட்டிலிருந்து வனவர் தேவயானி இறங்கினார். பின்னாலேயே ராஜாத்தியும் இறங்கினாள். "இவதான் மேடம். என்ன பாத்தாளோ அதத்தான் தைப்பா. எங்க வீட்டுக்காரருக்குப் பேச வேற சாட்சி இல்ல" என்றாள்.

தேவயானி டின்னை வாங்கித் துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். செம்போத்து, கொண்டலாத்தி, தவிட்டுக்குருவி. அவர் நிதானம் நதியாவின் உயிரை வாங்கியது. பாண்டியராஜன் காபி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை. இந்த மயில எங்க பார்த்தீங்க?"

நதியா கணவனைப் பார்த்தாள்.

"மயிலு ஒரு எடத்துலயா மேயுது மேடம்? ஊரெல்லாம் திரியும்" என்றான் பாண்டியராஜன்.

ராஜாத்தி குனிந்து பார்த்தாள். "இதுல ரோஸ் கலர்ல என்னமோ இருந்துச்சு மேடம். ஸ்டேட்டஸ்ல பாத்தேன்."

"ராத்திரியெல்லாம் அழுதிருக்கு, பாவம். எதையோ பாத்துட்டு எதையோ சொல்லுது" என்று இடைமறித்தான் பாண்டியராஜன்.

ராஜாத்தி அவனைப் பார்க்கவேயில்லை. "நீ சொல்லுத்தா. இருந்துச்சா, இல்லையா? இல்லைன்னா என் கண்ணுதான் தப்பு. நான் போயிர்றேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராஜாத்தி அப்படியே நம்பித் திரும்பிப் போய்விடுவாள். அவள் பாண்டியராஜனுக்கு எதிராக இரைந்து, மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நதியா பொய் சொல்லித் தொலைத்திருப்பாள். இப்படி நம்புகிறவளிடம் எப்படிச் சொல்வது?

"குடுங்க மேடம்" என்று கையை நீட்டினாள்.

துணியை வாங்கி, ரோஸ் நூலை எடுத்தாள். ஊசிக்காதில் நூல் இரண்டு தடவை தவறியது. நாக்கில் ஈரப்படுத்திக் கோத்தாள். "என்ன பண்றீங்க?" என்று தடுக்க வந்த தேவயானி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

"நதியா" என்றான் பாண்டியராஜன். மீன்கொத்திக்குக் கூப்பிடுகிற அதே தாழ்ந்த குரல்.

அவள் திரும்பவில்லை. கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவும் இல்லை. பழைய துளை பார்த்து முதல் முடிச்சைப் போட்டாள். மூன்று சுற்று, ஓர் இழுப்பு. ஐந்தையும் போட்டு முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அஞ்சு மணி இருந்துச்சு மேடம். எங்க பந்தல், மூணாவது வரிசை. இப்பத்தான் நானே பிரிச்சேன்."

பாண்டியராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் திட்டுவான் என்று நினைத்தாள், திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "யுவராணிகிட்ட நீயே சொல்லிரு. அவ ஊருக்குள்ள கேட்டுத் தெரிஞ்சிக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான். செவ்வாய்க்கிழமைத் துணியைத் தேவயானி ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டார். ராஜாத்தியும் அதே ஜீப்பில் ஏறிப் போனாள். நதியாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மத்தியானம் உலை வைக்கவில்லை. ஊசியையும் தொடவில்லை.

சாயங்காலம் யுவராணி சைக்கிளை நிறுத்திவிட்டு, பையைக்கூட இறக்காமல் வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன பறவைம்மா?"

நதியா டின்னை மூடினாள்.

"இங்கன வந்து உக்காரு. உங்கப்பாவப் பத்திச் சொல்லணும்."