பின்னாலிருந்து எண்ணும் குரல்

கொதிக்கிற டீ நிரம்பிய தகர டம்ளரை வலது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அவர் பாட்டுக்கு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளோ அதை முந்தானையில் சுற்றித்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"என்னங்க, கை சுடலையா?"

திடுக்கிட்டு டம்ளரை இடக்கைக்கு மாற்றியவர், "ஸ்ஸ்..." என்று கீழே போட்டுவிட்டார். வலது உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அவ்வப்போது விரல் மரத்துப்போவதை ஓய்வு பெறும்வரை டிப்போ டாக்டரிடமே மறைத்த கெட்டிக்காரர். இந்த ஆற்றுப் பயணத்துக்கு எடுத்த இருவர் துடுப்புப் படகான கயாக்கிலும் பின் இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். சுக்கானைக் காலால் மிதித்துத் திருப்புவது அங்கிருந்துதான். முன்னால் உட்கார்ந்த அவளுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது.

"எத்தனை நாளா?"

"மூணு."

மூன்று நாளாய் ஆறுதான் கனத்துவிட்டது என்று நினைத்து அவள் தோளை ஒடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, துடுப்பு வீச்சுக்குத் தாளமாய் இருபதுவரை எண்ணி மறுபடி ஒன்றில் தொடங்கும் அவர் குரல் மட்டும் கணீரென்று வந்துகொண்டிருந்தது. எண்ணுகிறவர் துடுப்பும் போடுவார் என்றுதானே யாரும் நம்புவார்கள்? பாவி மனுஷன். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"முந்தாநாள் அந்த ஊர்ல நிறுத்தினோமே, அப்பவே வாயத் திறந்திருக்கக் கூடாதா?"

"திறந்திருந்தா, அங்கேயே என்னை இறக்கிவிட்டிருப்ப."

அழவும் நேரமில்லை. இரவுப் புயலில் கூடாரம் கிழிந்து, போன் நனைந்து செத்துப்போயிருந்தது. விடிந்ததும் நீர்மட்டம் பார்க்க அவள் மணலில் நட்ட குச்சி பாதிக்குமேல் தண்ணீருக்குள் போய்விட்டது. மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் ஒதுங்கியிருந்த மணல்திட்டு மூழ்குவதற்குள் அக்கரை சேர்ந்தாக வேண்டும்.

அவரைக் கைத்தாங்கலாகப் பின்னால் உட்காரவைத்தாள்.

"கால் நல்லாத்தான் இருக்கு. நான் திருப்பிக்கிறேன், நீ இழு. எண்ணட்டுமா?"

"எண்ணுங்க. நடுவுல நிறுத்தினீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

பாதி ஆற்றில் மழை பிடித்துக்கொண்டது. அலை மடியில் வந்து விழுந்தது. கரை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே இழுத்தாள். பதினொன்றில் குரல் குழறியது. பன்னிரண்டு, நாக்கு தடித்தவர் சொல்வதுபோல் வந்தது. பதின்மூன்று ஏதோ முனகலாய்க் கேட்டது.

அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

படகின் மூக்கு மெல்ல நீரோட்டத்தின் பக்கம் திரும்பியது. இந்த அலையில் உடம்பைத் திருப்பிப் பார்த்தால் படகு கவிழும். அவள் பார்க்கவில்லை.

"பதினாலு," என்று அவருக்குக் கேட்கும்படி கத்திவிட்டு, துடுப்பை ஒரே பக்கமாக அழுத்திப் படகைக் கரையை நோக்கித் திருப்பினாள். "பதினஞ்சு."