கையை எடுங்கோ

றோஸ்மேரி பாடத் தொடங்குமுன் வலது கையைத் தொடைப் பக்கம் தாழ்த்தி மூன்று விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவாள். சுருதி ஈ பிளாற் என்று அதற்குப் பொருள். கையை வளைத்து ஆங்கில எழுத்து சீ மாதிரிப் பிடித்தால் சுருதி சீ. ஜாஸ் ஆட்களின் சைகை அது. மேடையில் வாய் திறந்து சுருதி கேட்பவனை அவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. கலியாணம் கட்டிய முதல் கிழமையே இவ்வளவையும் எனக்குச் சொல்லித் தந்துவிட்டாள். சோறு எப்படி வடிப்பது என்று சொல்லித் தரவில்லை. அது அவளுக்கும் தெரியாது.

அவள் லண்டனில் பிறந்தவள். தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து போய்த் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். மகள் தட்டெழுத்து வகுப்புக்குப் போகிறாள் என்று அவர் நம்பிய நாட்களில், மகள் சோஹோவில் நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு கிளப்பில் பாடிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதில் முதல் இசைத்தட்டு வந்தது. வானொலியிலும் சில தரம் போட்டார்கள். இரண்டாவது தட்டின் அட்டைக்குச் சேலை கட்டிப் படம் எடுக்கவேண்டும் என்று கொம்பனிக்காரர் கேட்டார்களாம். "நான் சேலை கட்டிறது ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டாள். இரண்டாவது தட்டு வரவேயில்லை. அதன்பிறகு பத்து வருடம் கடற்கரை ஊர் ஹோட்டல்களில், மீன் பொரியல் சாப்பிடுகிற சனத்துக்கு முன்னால் நின்று பாடினாள்.

அப்படி ஒரு ஹோட்டலில்தான் நான் அவளைக் கண்டேன். ரொறன்ரோவில் இருந்து லண்டனுக்கு மச்சானின் கலியாணத்துக்குப் போன இடத்தில் சும்மா கடல் பார்க்கப் போனேன். அன்றைக்குப் பியானோக்காரன் வரவில்லை. மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கிற துணிச்சலில் நான் போய்ப் பியானோ முன்னால் இருந்தேன். அடுத்த வருடம், தொண்ணூற்றேழில், என்னைக் கலியாணம் கட்டி அவள் ரொறன்ரோ வந்தாள். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் வைக்கிற பண்டகசாலையில் எனக்கு வேலை. டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில் வீடு. சனி ஞாயிறுகளில் றிச்மண்ட் ஹில் பக்கத்து உணவகம் ஒன்றிலும் முதியோர் இல்லங்களிலும் அவள் பாடுவாள், நான் மின்பியானோ வாசிப்பேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அவளுக்குத் தைரொயிட் ஒப்பரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்து வீட்டில் பாடிப் பார்த்தாள். முதல் பாட்டின் உச்சியில் குரல் பிசிறியது. இரண்டாம் தரமும் பிசிறியது. அவள் அழவில்லை. பியானோவின் மேல் துணியை இழுத்து மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். அரை மணித்தியாலம் கழுவினாள். தொட்டிக்குள் இரண்டு கோப்பைதான் கிடந்தன.

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் அந்தப் பொத்தானை அமுக்கினேன். மின்பியானோவில் அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு தரம் அமுக்கினால் முழு வாத்தியமும் அரைச் சுருதி இறங்கிவிடும். விரல் அதே கட்டைகளில்தான் போகும், பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை இறக்கியது என்று சின்னக் கண்ணாடியில் சிவப்பு எழுத்துக் காட்டும். அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினேன். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று சொன்னேன்.

அன்று பின்னேரம் பாடினாள். உச்சி பிசிறாமல் வந்தது.

"வந்திட்டுது, பேனாட்" என்றாள்.

"ஓம், வந்திட்டுது" என்றேன்.

அந்த நிமிடத்தில் எனக்குள் எதுவோ விறைத்துப் போனது. தை மாதத்தில் கையுறை இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றால் விரல் விறைக்குமே, வலியும் இருக்காது, விரலும் இருக்காது. அப்படித்தான். இரண்டு வருடத்தில் இன்னொரு அமுக்கு, பிறகு இன்னொன்று. மூன்றோடு சரி, சீ சுருதிக்கு வந்துவிட்டோம். அவள் மூன்று விரல் காட்டுவாள், நான் ஈ பிளாற் வாசிப்பேன், கேட்பது சீ. முதியோர் இல்லத்தில் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். நான் ஒட்டுநாடா கழன்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி பாடுவது பதினொரு வருடமாக என் காதில் விழுந்ததே ஒழிய உள்ளே போகவில்லை.

போன வருடம் லண்டனில் ஒரு சின்னக் கொம்பனி அவளுடைய பழைய தட்டைத் திரும்ப வெளியிட்டது. அதைப் பார்த்து ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு கிளப் ஞாயிறு பின்னேரக் கச்சேரிக்கு அவளைக் கூப்பிட்டது. பக்கவாத்தியம் அவர்களுடையது. பியானோ நிஜமான பியானோ, மரப்பெட்டி. அதில் எந்தப் பொத்தானும் கிடையாது.

"ஒத்திகைக்கு எப்ப போறம்?" என்று கேட்டேன்.

"ஒத்திகை ஒண்டும் வேண்டாம். கையால காட்டினாச் சரி. நீங்கள் ஒருநாள் முன்னால இருந்து கேளுங்கோ."

நான் செத்தேன் என்று நினைத்தேன். மூன்று விரல் காட்டுவாள். பக்கவாத்தியக்காரர் அதன்படியே ஈ பிளாற் வாசிப்பார்கள். அறுபத்தைந்து வயதில், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு முன்னால், குரல் உடையும். என்னுடைய பொய்யால் உடையும். சொல்லவேண்டும் என்று கிழமை முழுக்க நினைத்தேன். காரில் சொல்ல வாயெடுத்து, பெற்றோல் அடிக்கவேண்டும் என்றேன். சாப்பாட்டு மேசையில் வாயெடுத்து, உப்புக் கேட்டேன். உப்பு எனக்கு முன்னால்தான் இருந்தது.

கடைசியில் பியானோக்காரனைத் தேடிப் போனேன். ராகவன் என்று பெயர், மதுரைப் பெடியன், வங்கியில் கம்பியூட்டர் வேலை, வார இறுதியில் ஜாஸ். ஒரு கோப்பிக் கடையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு வருடத்தில் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அவங்களுக்குத் தெரியவே தெரியாதா சார்?"

"தெரியாது. தெரியவும் கூடாது, தம்பி. அவ என்ன சுருதி காட்டினாலும் நீங்கள் மூண்டு இறக்கி வாசியுங்கோ. அவ்வளவுதான்."

அவன் கோப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "சரி சார், மத்தவங்ககிட்டயும் சொல்லிடறேன்" என்றான். முகத்தில் விருப்பம் இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தேன், அதையும் சொல்லவேண்டும்.

ஞாயிறு கிளப் நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். றோஸ்மேரி கறுப்புச் சட்டையில் வந்து நின்றாள். சனம் கைதட்டி ஓய்ந்தது. அவள் ராகவன் பக்கம் பாதி திரும்பி, வலது கையைத் தாழ்த்தினாள்.

மூன்று விரல் இல்லை. கை வளைந்திருந்தது. சீ.

எனக்கு விளங்குமுன் ராகவன் வாசிக்கத் தொடங்கிவிட்டான். சொன்னபடியே மூன்று இறக்கினான். நான் குனிந்து கைகாட்டினேன், அவன் காணவில்லை. அவள் முதல் வரியை எடுத்தாள். அடி ஸ்வரம் அவளுக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது. குரல் அங்கே இறங்கி, காற்றாகி, நின்றுபோனது. என் பொய்யால்தான் நின்றது, நான் பயந்தபடியே. மேலே உடையும் என்று நினைத்தேன், கீழே உடைந்தது.

அவள் பதறவில்லை. ராகவனைப் பார்த்துக் கையை இன்னொரு தரம் வளைத்துக் காட்டினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் கண் போன வழியே அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த ஒட்டுநாடா நினைவுக்கு வந்தது. பதினொரு வருடத்தில் ஒரு நாளும் அது கழன்றதில்லை, ஓரம் சுருண்டதில்லை, எப்போதும் புதிதாக இருக்கும். நான் அதை ஒட்டியது ஒரே ஒரு தரம். சனிக்கிழமைகளில் பியானோவைத் துடைப்பது அவள்.

றோஸ்மேரி மைக்குக்குக் கிட்ட வந்தாள். தமிழில் சொன்னாள், கோபமே இல்லாமல்.

"பேனாட், கையை எடுங்கோ."

சனத்துக்கு விளங்கவில்லை, ஏதோ பகிடி என்று சிரித்தது. வெட்கம் காதில் இருந்து கால்வரை சுட்டது. அவள் காட்டுவதை வாசி என்று ராகவனுக்குத் தலையாட்டினேன். அவன் சீயில் தொடங்கினான். அவள் பாடினாள். வயதுபோன, ஒப்பரேஷன் செய்த, தன்னுடைய உயரம் தெரிந்த குரல். ஒவ்வொரு சொல்லும் எனக்குள் வந்து இறங்கியது, வலித்தது.

மடியில் இருந்த கைகளை எடுத்தேன். பாட்டு முடியும்வரை அவற்றை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.