தேவாரத்தின் மறுபக்கம்

தகன மண்டப வாசலில் குனிந்து, தேவாரத் தாள்கள் இருந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுப்பட்டியைக் குகநாதன் பல்லால் கடித்துப் பிய்த்தான். அண்ணன் வாமதேவனின் உடல் உள்ளே போய்விட்டது. இனிச் சனம் அஞ்சலிக்கு உள்ளே போகும். ஆளுக்கொரு தாள் கொடுக்க வேண்டும்.

முதல் தாளைத் திருப்பினான். மறுபக்கத்தில் அண்ணன் கீறிய படம்.

முப்பது வருடமாகக் கோலியர்ஸ் வுட் வீட்டுக் கராஜில் வாமதேவன் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்து, மை பூசி அச்சடித்ததெல்லாம் லண்டன் தமிழ்ப் பெரிய மனிதர்களின் கேலிப்படங்களைத்தான். ஒருவரும் வாங்கியதில்லை. தங்களைக் கீறியிருக்கிறானா என்று பார்க்க மட்டும் எல்லோரும் வந்தார்கள்.

இது கடைசிப் படம். போரில் இறந்தவர்களுக்கான மே மாத அஞ்சலிக் கூட்டத்தில் கோயில் தலைவர் ஜீவரத்தினம் கமராவைப் பார்த்துக் கண்ணீர் துடைக்கிறார். பின்னால் நின்று அவருக்குத் தலை வாரிவிடுவது குகநாதன். கோயிலின் உதவிச் செயலாளர். எட்டு வருடமாக உதவி. வருகிற தையில் செயலாளராக்குவதாக ஜீவரத்தினம் வாக்களித்திருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்த அன்றே, இந்தப் படத்தின் தகட்டைத் தந்தால் இரங்கலுரையைத் தானே ஆற்றுவதாகச் சொன்னார் தலைவர். குகநாதன்தான் துவாயில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். தகடு போனால் படமும் போய்விடும் என்று இரண்டு மேதைகளும் நம்பினார்கள்.

"மச்சாள், இதென்ன?"

"தேவாரம்," என்றாள் பக்கத்தில் நின்ற வாமதேவனின் மனைவி சந்திரவதனா.

"மற்றப் பக்கம்?"

"அது உம்மடை அண்ணர் கீறினது. படுக்கையிலை விழமுதல் இருநூறு அடிச்சு வைச்சவர். தேவாரத்தைப் பின்பக்கம் நான்தான் அடிப்பிச்சனான்."

"நானும் நிக்கிறன் இதிலை."

"ஓம். உம்மடை மூக்குத்தான் நல்லா வந்திருக்கு." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "ஏலாதெண்டால் பெட்டியைக் காருக்குள்ளை வையும், தம்பி. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

உள்ளே ஜீவரத்தினம் மைக்கைத் தட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வாமதேவன் தன் உடன்பிறவாச் சகோதரனாம். உடன்பிறந்தவன் வெளியே பெட்டியோடு நின்றான். கார்ச் சாவி காற்சட்டைப் பையில்தான் இருந்தது.

படத்தை மறுபடி பார்த்தான். தலைவரின் முகத்துக்கு நாலே கோடு. தன் முகத்தில் மட்டும் ஊசி நூறு தடவை போய் வந்திருந்தது. சின்ன வயதில் கல்லெறி பட்ட நெற்றித் தழும்பைக்கூட அண்ணன் விடவில்லை.

சனம் வரத் தொடங்கியது. முன்னால் ஜீவரத்தினத்தின் மனைவி பாலாம்பிகை.

குகநாதன் முதல் தாளை இரண்டு கையாலும் நீட்டினான், படப்பக்கம் மேலே இருக்க.

அம்மையார் தலையசைத்து வாங்கிக்கொண்டு, கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.