ஜாடியில் போட்ட நாவற்பழம்

குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவன் அதே வாரத்தில் வோட்காவில் பழம் ஊறப்போடுவானா? கைலாசம் போட்டான். கேட்டால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பான். கயிறு ஒரு வருஷத்துக்கு. பழம் நன்றாக ஊறவும் ஒரு வருஷம் வேண்டும். எப்படியும் குடிக்கப்போவதில்லை, அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே என்பது அவன் நியாயம். சாமியும் பெரிதாகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவன் பெயிண்டர். பழம் ஊறவைப்பதில் கைதேர்ந்தவன். மாம்பழம், திராட்சை, அன்னாசி எதையும் விட்டுவைத்ததில்லை. அந்த ஆடியில் நாவற்பழம். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஊசியால் நாலு இடத்தில் குத்தி, பனங்கற்கண்டும் இரண்டு கிராம்பும் சேர்த்து, பீங்கான் ஜாடியின் கழுத்துவரை வோட்கா ஊற்றி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினான். வீட்டில் வைத்தால் மனைவி சுகன்யா ஜாடியையும் அவனையும் சேர்த்துத் தெருவில் எறிவாள். அதனால் அது மணிமாறன் வீட்டுப் பரணுக்குப் போனது.

மணிமாறன் அதே பட்டறையில் கார்பெண்டர். ஒன்றாகக் குடித்துக் கெட்டவர்கள், ஒன்றாகவே கயிறு கட்டிக்கொண்டார்கள். தனியாக என்றால் கைலாசத்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க முடியாது. கை நடுங்கும்போதெல்லாம் மணிமாறனுக்குப் போன் போடுவான். "எனக்கும் அப்படித்தான் இருக்குது மாப்ள. பல்லக் கடிச்சுக்க" என்பான் அவன். அந்த ஒரு வார்த்தையில் அன்றைய பொழுது ஓடிவிடும்.

வருஷம் முடிந்தது. காலையில் கோயிலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு இருவரும் மணிமாறன் வீட்டுக்கு வந்தார்கள். கைலாசம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மணிமாறன்தான் ஏனோ பரணில் ஏறத் தயங்கினான்.

"இன்னும் ரெண்டு நாள் போவட்டுமா மாப்ள?"

"ஒரு வருசம் பத்தலையா உனக்கு? எறக்குடா."

கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் கைலாசத்துக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்க ஊறிய நாவற்பழம் தன் கறுப்பையெல்லாம் வோட்காவுக்குக் கொடுத்துவிட்டு, சுருங்கி வெளிறிக் கிடக்க வேண்டும். இவையோ அப்போதுதான் மரத்திலிருந்து உதிர்ந்தவை போல் மினுமினுத்தன. ஒன்றை எடுத்துக் கடித்தான். பச்சைத் துவர்ப்பில் நாக்கு சொரசொரத்தது. ஒரு மடக்கு குடித்தான். கற்கண்டுத் தண்ணீர். வாசத்துக்கு மட்டும் துளி வோட்கா.

"எப்ப இருந்துடா?"

மணிமாறன் தலையைச் சொறிந்தான். "புரட்டாசில இருந்து. மொதல்ல பழத்த மட்டுந்தான் தின்னேன் மாப்ள. குடிக்கறதில்லைன்னுதான சாமிகிட்டச் சொன்னோம்? பழந் திங்கறது குடியில சேருமா? அப்பறம் பழமும் தீந்துபோச்சு, தண்ணியும் தீந்துபோச்சு. அதுக்கப்பறம் கடைக்கே போயிட்டேன். இது நேத்துப் போட்ட பழம்."

வேறு யாருடைய கதையாகவாவது இருந்தால் கைலாசம் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான்.

"நீ இரு மாப்ள. இப்பவே புது பாட்டில் வாங்கிட்டு வாரேன்."

பாட்டில் யாருக்கு வேண்டும்? கைலாசத்துக்குத் தை மாதம் ஞாபகத்துக்கு வந்தது.

"எங்கப்பன் செத்தன்னைக்கு?"

அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் மூக்குமுட்டக் குடித்திருந்தார்கள். அப்பனுக்காக ஒரு வாய் குடி, சாமி மன்னிக்கும் என்று மாமன் ஒருவன் டம்ளரை நீட்ட, கைலாசம் கையில் வாங்கியே விட்டான். எங்கிருந்தோ வந்த மணிமாறன்தான் அதைத் தட்டிவிட்டான். "நான் இல்லையாடா? என்னயப் பாரு" என்று தோளோடு அணைத்துக்கொண்டான். அந்தத் தோளில் சாய்ந்தபடிதான் கைலாசம் அப்பனைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே எல்லார் மேலும் அடித்த வாடையில் மணிமாறன் வாடை தனியாகத் தெரியவில்லை.

மணிமாறன் ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கும் போட்டுட்டுத்தான் மாப்ள வந்தேன்."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கைலாசத்தின் தோளில் கையை வைத்தான்.

"தொடாத."

கைலாசம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். ஒரு வருஷமும் ஒற்றை ஆளாகத்தான் தாக்குப்பிடித்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அப்பன் செத்தன்று வராத அழுகை வந்தது.