தாய்மாமன் மடி

என் தம்பி யுகேந்திரனைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் யாராவது மிச்சமிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். தாய்லாந்தில் ஆணும் ஆணும் கல்யாணம் பதியலாம் என்று சட்டம் வந்த வருடம், அவனும் ஷேனும் எல்லை தாண்டி ஹட்யாய்க்குப் போய்ப் பதிந்துகொண்டு வந்தார்கள். சத்தமில்லாமல்தான் போனார்கள். கூடப்போன சிநேகிதன் ஒருவன் படத்தை ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டான். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, கழுத்தில் பூமாலை, இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் ஊரிலிருக்கிற எல்லாக் குழுவையும் ஒரு சுற்று சுற்றிவிட்டது.

நான் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். எனக்கு எதிரே வரிசையாக நாற்காலிகள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பல்லில்தான் வலி, நாக்குக்கு ஒன்றும் இல்லை. அந்தப் படத்திலிருப்பவனுக்கு நான் அக்கா என்று தெரியாமலும் பேசினார்கள், தெரிந்து வேண்டுமென்றும் பேசினார்கள். ரிட்டையரான வாத்தியார் ஹென்றி சார், ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாணம் என்கிற வார்த்தையை மட்டும் தொடக் கூடாது என்றார், அது ஏதோ அவர் பெயரில் பதிந்த நிலம் போல. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், அவங்க கல்யாணத்தால் உங்க பல்லா விழுந்துபோச்சு அங்கிள் என்று கேட்டாள். அவளுக்கு அன்றைக்கு எக்ஸ்ரே முதலில் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். ஒரு லாரிக்காரர், நம்ம ஊரில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கு, யாராவது போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தால் தெரியும் என்றார். அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

என்னோடு வேலை பார்க்கும் நூர்ஜான் மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "எங்க மார்க்கத்துல இது பாவம்தான் குணா, உனக்காக நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா உன் தம்பிய எவனாச்சும் கேலி பேசுனா, நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்." என் சொந்தத்தில் ஒருத்தருக்கும் அந்த நேர்மை இல்லை. அவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, பிள்ளை நல்லா இருக்கா என்று கேட்டார்கள்.

எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று பிறந்தவீடு என்றால் அவன் ஒருத்தன்தான். ஏர்கோன் மாட்டுகிற வேலை அவனுக்கு. மாடி மாடியாக வெயிலில் தொங்கிச் சம்பாதிக்கிறவன், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான். என் மகள் தனுஜாவை நர்ஸ் கொண்டுவந்து முதலில் கொடுத்தது அவன் கையில்தான். படம் வெளியான பிறகு என் மாமியார் ஜெகதீஸ்வரி அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், என் கணவர் மோகனராஜ் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது வேலை கண்டுபிடிப்பார்.

இந்த நேரத்தில்தான் தனுஜாவுக்குக் காது குத்துகிற பேச்சு வந்தது. காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கம்மல் தாய்மாமன் வாங்கிவர வேண்டும். கல்யாணத்துக்குக்கூட ஆள் மாற்றி ஏதாவது செய்துவிடலாம், இதற்கு முடியாது. எனக்கு ஒரே தம்பி. அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போவதில்லை, அவன் மடியில் சபை பார்க்க ஒரு பிள்ளை உட்காரப்போவது இந்த ஒரு தடவைதான். அதை நான் விடுவதாக இல்லை.

மாமியார் முதலில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சீர் வரட்டும்லா, அது பிள்ளைக்கு உரிமை. ஆளுதான் வேணாம்." கம்மல் இனிக்கும், கம்மல் வாங்கிய கை கசக்கும். நான் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சமைத்தேன், துவைத்தேன், பேசவில்லை. கடைசியில் மோகன் இறங்கி வந்தார். சரி, யுகேன் வரட்டும், ஷேன் வராமல் இருந்தால் போதும், கோயில் கமிட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. ஷேன் பாவம்தான், ஆனால் பாதியாவது கிடைத்ததே என்று அவருக்கு அன்றைக்கு மீன் பொரித்தும் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த மீனை அவர் தலையில் கொட்டியிருக்கலாம்.

யுகேனுக்கு போன் போட்டு, ஷேன் இல்லாமல் நீ மட்டும் வா என்று சொன்னேன். "வேட்டி கட்டணுமாக்கா?" என்று கேட்டான். அவனுக்கு வேட்டி நிற்காது, சின்ன வயதிலிருந்தே. பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வா என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கோயில் எங்கள் ப்ளாட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன முனீஸ்வரர் கோயில். காலையிலேயே சொந்தம் வந்துவிட்டது. என் பெரியம்மா மகன் அர்ஜுனன், எனக்கு அண்ணன் முறை, பட்டு வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டின பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் சுங்கை பாக்காப்பில் விட்டுவிட்டு, தாசேக் கெலுகோரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். அவரிடம் அடி வாங்கி, கட்டின அண்ணி நெற்றியில் தையலோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்த நாளும் உண்டு. இந்த மனிதர் எதற்கு இவ்வளவு அலங்காரத்தோடு வந்திருக்கிறார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது, யுகேனைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. இதற்குள் மாமியார் கையில் சீர்த்தட்டு வந்துவிட்டது. பழம், சர்க்கரை, பாவாடை சட்டை, நடுவில் சின்னச் சிவப்பு டப்பாவில் கம்மல். எப்படி வந்தது என்று கேட்டேன். யாரோ பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான், அவனுக்கே சபைக்கு வரக் கூச்சம் போல, விடு என்றார். ஐயர் நேரம் போகுது என்றார். பத்தர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, தாய்மாமன் யாரும்மா, உட்காருங்க என்றார். அர்ஜுனன் எழுந்து, துண்டை உதறி, மனையில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சொல்லி வைத்திருந்தால்தானே அப்படி உட்கார முடியும்.

"அர்ஜுனன் குடும்பஸ்தன்லா, அவன் மடி நல்ல மடி," என்றார் என் மாமியார்.

அந்தச் சபையில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளையை யாரோ என் கையிலிருந்து வாங்கினார்கள். நான் போனில் யுகேன் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். வராமல் விட்டுவிட்டானே என்று அவன் மேல்தான் எனக்குக் கோபம். தனுஜா வீல் என்று கத்தினாள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கம்மல் ஏறிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அழுகிற பிள்ளையை ஆற்றுவதற்காக வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். கோயில் சுவரோரம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஷேன் நின்றிருந்தான். புதுச் சட்டை, வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தான்.

"குத்தியாச்சாக்கா? அழுவுற சத்தம் கேட்டதும் போயிரலாம்னு யுகேன் சொன்னான். எனக்குத்தான் கால் நகரல."

"அவன் ஏன்டா உள்ள வரல?" என்று நான் கத்தினேன்.

ஷேன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மோகன் அண்ணன் நேத்து போன் பண்ணாரு. நீங்கதான் வர வேணாம்னு சொன்னீங்களாம். சபையில உங்களுக்கு வெக்கமா இருக்குமாம், நேரா சொல்ல முடியாம அண்ணன்கிட்ட சொல்லச் சொன்னீங்களாம். சீர மட்டும் வாசல்ல குடுத்துட்டுப் போகச் சொன்னாரு. நான்தான் கொண்டாந்தேன். உங்க மாமியார் வாங்கிட்டு, தேங்ஸ் தம்பின்னு கதவச் சாத்திட்டாங்க."

தாய்மாமன் சீரை அவன் பெண்டாட்டி, பிள்ளைக்கு அத்தையானவள், சுமந்து வருவதுதான் வழக்கம். அந்த இடத்தில் அவன் வந்திருக்கிறான். ஆனால் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் மோட்டார் சைக்கிள்காரனைப் போல வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். என்னை அவமானப்படுத்தியதைக்கூட மன்னித்திருப்பேன். என் வாயில் ஒரு வார்த்தையை வைத்து, அதை என் தம்பி மேல் துப்பியிருக்கிறார்கள்.

உள்ளே போனேன். பந்தியில் இலை போட்டு, அர்ஜுனனுக்கு முதல் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, ஒரு கம்மலின் திருகைக் கழற்றினேன். தனுஜா முன்பைவிட அதிகமாகக் கத்தினாள். என் விரலில் ரத்தம் ஒட்டியது. மோகன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"குணா, பைத்தியமா உனக்கு? பிள்ளைக்கு வலிக்குது. ஓட்டை அடைஞ்சிரும்."

"அடையட்டும். யார் வாங்குன கம்மல் இது? சபையில சொல்லுங்க. நான் எப்ப வெக்கப்பட்டேன்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் கையை விட்டுவிட்டார். மாமியார், பச்சைப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறாளே, இவள் தாயா என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதில் பொய் இல்லை. இரண்டாவது கம்மலைக் கழற்றும்போது நானும் அழுதேன். நான் செய்தது பிள்ளைக்கு நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், வேறு எதைச் செய்து அந்தக் கூட்டத்தின் கைதட்டலைத் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

யுகேனின் காடி சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேட்டி கட்டி, மேலே பெல்ட் போட்டிருந்தான். கதவைத் திறந்து பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டான், தொட்டால் நான் ஏதாவது நினைப்பேனோ என்று பயந்தவன் போல.

"நான் அப்படிச் சொல்லலடா," என்றேன்.

"சரிக்கா."

"சத்தியமா சொல்லல."

"சரிக்கா. பிள்ளைக்கு ரத்தம் வருது பாரு. கம்மலப் போட்டு விடு."

சரி என்றுதான் சொன்னான். நம்புகிறேன் என்று சொல்லவில்லை. மீன் பொரித்துக் கொடுத்த அன்று ஷேன் வேண்டாம் என்பதற்கு நானும்தானே தலையாட்டினேன், இதற்கும் ஆட்டியிருப்பேன் என்று அவன் நினைத்தால் என்ன தப்பு? பிள்ளை விசும்பி விசும்பி அவன் மடியிலேயே தூங்கிப்போனாள். அப்போதும் ஒரு கையால்தான் பிடித்திருந்தான்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு பேரும் ஹட்யாய்க்கே போய்விட்டார்கள். அங்கே ஏர்கோன் வேலை இருக்கிறதாம். தீபாவளிக்கு போன் செய்வான், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பான், இங்கே வருவதைப் பற்றி மட்டும் பேச மாட்டான். காது ஒரே வாரத்தில் அடைந்துவிட்டது. மோகனும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மீன் பொரிப்பதில்லை.

போன மாதம் மாமியார் தனுஜாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பல்லைப் பிடுங்க எங்கள் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலிகள் நிறைந்திருந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் தனுஜாவைத் தடவிப் பார்த்து, பொம்பளப் பிள்ளைக்கு ஏன் இன்னும் காது குத்தவில்லை என்று கேட்டார். மாமியார் என்னை முந்திக்கொண்டு, நல்ல நாள் அமையவில்லை என்றார்.

"நாளெல்லாம் அமைஞ்சது," என்றேன் நான், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவ தாய்மாமன் இன்னும் வரல."