தரிசு நிலத்தில் கிணறு

தங்கம் கிண்டி ஸ்டேஷனில் இறங்கியபோதே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. விசாரணை பதினோரு மணிக்கு. மதுராந்தகத்துக்கு அப்பாலிருக்கும் அவளுடைய இரண்டு ஏக்கரின் மேல் ஆறுவழிச் சாலை வரப்போகிறது. ஆட்சேபம் சொல்ல இன்றுதான் கடைசி நாள். பையை இறுக்கிக்கொண்டு நெரிசலுக்குள் பாய்ந்தாள்.

நில எடுப்பு அலுவலக வாசலில் முப்பது பேராவது இருந்தார்கள்.

"தங்கம் நீதானா? இன்னாம்மா, ரெண்டு தபா கூப்ட்டாச்சு. உள்ள போ, சீக்கிரம்!" என்று விரட்டினார் பியூன்.

அதிகாரி ராம்குமார் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "சர்வே நம்பர் நூத்திப் பதினாலு பார் ரெண்டு. தரிசு. பயிர் இல்ல, கிணறு இல்ல. இதுல என்னம்மா ஆட்சேபம்?"

அங்கே இருந்ததோ மாமனார் வெட்டிய கிணறு, மூன்று போகம் விளைகிற மண்.

"தரிசா? யாரு சார் வந்து பாத்தாங்க?"

"ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது."

சட்டென்று போனை எடுத்து வீடியோவில் கணவரைக் கூப்பிட்டாள். சுப்புராயன் வரப்பில் நின்றிருந்தார், பின்னால் பச்சை நெல்.

"யார் வயலை வேணாலும் காட்டலாம்மா" என்றார் ராம்குமார்.

"அப்ப நீங்களே வழி சொல்லுங்க சார். வரைபடம் உங்க கையிலதான இருக்கு?"

ராம்குமார் முதன்முறையாக அவளைப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் கதவருகே நெருக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள்.

"சரி. வடகிழக்கு மூலைக் கல்லுக்குப் போகச் சொல்லுங்க."

சுப்புராயன் ஓடினார். புல்லை விலக்கி, கல்லில் வெட்டியிருந்த எண்ணைக் காட்டினார். நூற்றுப் பதினாலு பார் இரண்டு.

"அங்கிருந்து நேரா தெற்கே எண்பது தப்படி. அதுவரைக்கும் இந்த நம்பர்தான்."

அவர் உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார். அறுபதைத் தாண்டியதும் வாசலில் நின்றவர்களும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். எழுபத்து மூன்றில் குரல் நின்றுபோனது.

"ஏங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"இன்னும் ஒரு அடி வச்சா கெணத்துலதான் விழணும்!"

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. சுப்புராயன் மோட்டாரைப் போட்டார். குழாயிலிருந்து தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

ராம்குமார் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "மறுபடி நேர்ல அளக்கணும். அதுவரைக்கும் அங்க யாரும் ரோட்டுக்கு எல்லைக் கல் நடக் கூடாதுன்னு எழுதறேன்."

"கையெழுத்துப் போட்டு எனக்கும் ஒண்ணு குடுங்க சார்."

நிலம் இன்னும் தப்பிவிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளோடு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. பவுல்சாமி என்ற விவசாயி அவளை மறித்தார்.

"யம்மா, என் தோப்பையும் தரிசுன்னுதான் எழுதிக்கிறாங்க. அந்த வீடியோவ எப்டிப் போடறது?"

"போனைக் குடுங்கண்ணே. வீட்ல இப்ப யாரு இருக்காங்க?" என்று அவரை வாசல் படியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள் தங்கம்.